'செட்' என்ற சொல்லுக்கு இரண்டு வார்த்தை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலூரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் டியூஷன் எடுக்கிறேன். உங்கள் பத்திரிகையின் புதன்கிழமை மாணவர் பக்கத்தை என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கத்தில் வருவது எதையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வாரச் சொல் பெட்டியில் 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு, பக்கத்தில் சமக்குறி போட்டு, 'தொகுப்பு, அமை' என்று பொருள் கொடுத்து, கீழே இணைச்சொற்கள் என்று ஃபிக்ஸ், புட், பிளேஸ், லே, அரேஞ்ச் ஆகியவற்றை வரிசையாக அடுக்கி முடித்துவிட்டீர்கள். நேராகவே கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பெட்டியை இந்த வடிவத்தில் இனிப் போடாதீர்கள். நிறுத்தச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமாவது இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பெட்டியை ஒட்டிய கையோடு அன்றைய பயிற்சியைச் செய்தான். 'தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்' என்ற வாக்கியத்துக்கு எதிரே 'சூரியன் மேற்கில் அமைக்கிறது' என்று எழுதியிருந்தான். அதற்கு முன் 'தொகுக்கிறது' என்று எழுதி ரப்பரால் அழித்த தடம் தாளில் அப்படியே இருந்தது. எதைப்பா அமைக்கிறது என்று கேட்டால் முழிக்கிறான். இந்தப் பையன் வீட்டு வாசலில் நின்றால் அழகர்மலைப் பக்கம் பொழுது சாய்வது தெரியும், ஆடு மாடு பிடித்துக் கட்டுவதே அந்த நேரத்தில்தான். 'பொழுது சாஞ்சிருச்சு' என்று தினமும் வாயால் சொல்கிறவன். சூரியன் மேற்கில் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் நோட்டில் ஒட்டிய பெட்டி இரண்டே வார்த்தையைக் காட்டி இதில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அச்சில் வந்ததை மீறித் தன் சொந்த அறிவை நம்ப அந்த வயதுப் பிள்ளைக்குத் தைரியம் வராது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

உங்கள் பத்திரிகையை மட்டும் குறை சொன்னதாக நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்குகிற 'தினமும் பத்துச் சொல்' வகைப் புத்தகங்கள் எல்லாமே இதே ரகம், இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், நடுவில் சமக்குறி. ஆனால் அந்தப் புத்தகத்தை நம்பாத பெற்றோர்கூடப் பேப்பரில் வந்தால் நம்புகிறார்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

'செட்' எவ்வளவு பெரிய சொல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் இருபது தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவே இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள். அதன் பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்ததில் 'ரன்' முந்திக்கொண்டது, 2011-இல் அதற்கு 645 பொருள் என்று கணக்குச் சொன்னார்கள். கவனித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் பொருள் பெருத்துக் கிடப்பவை எல்லாம் செட், ரன், புட், கெட், டேக், மேக் மாதிரி ஆறு வயதுப் பிள்ளை பேசுகிற குட்டிச் சொற்கள்தான். வாயைத் திறந்து சொல்லவே கஷ்டமான நீள நீளச் சொற்களுக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு பொருளோடு முடிந்துவிடும். நம் பள்ளிகளில் நடப்பதோ தலைகீழ். நீளச் சொல்லுக்கு உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம், குட்டிச் சொல் வந்தால் 'இது தெரிஞ்சதுதானே' என்று தாண்டிப் போய்விடுகிறோம். அப்புறம் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை ஒரு பத்தி ஆங்கிலம் படித்தால் எல்லாச் சொல்லும் தெரிந்த மாதிரி இருக்கிறது, பொருள் மட்டும் பிடிபடவில்லை என்று வந்து நிற்கிறது.

430 பொருளையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அடியில் இருக்கிற ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறார்களே, அதேதான். அமர், அமர்த்து. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. 'ஃபால்' என்றால் வீழ், மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு 'ஃபெல்', அதாவது வீழ்த்து. இதைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப் போட்டால் பிள்ளைகள் அடுத்ததைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பொருளை அதற்கான இடத்தில் நிலையாக இருக்கும்படி வைப்பது, இதுதான் அந்த வினைச்சொல்லின் அடி. கல்லைத் தங்கத்தில் பதிப்பது, நாள் குறிப்பது, பொறி வைப்பது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, முறிந்த எலும்பை நேராக்கிச் சேர்ப்பது, அச்சகத்தில் எழுத்துக் கோப்பது எல்லாம் அங்கிருந்து கிளைத்ததுதான்.

ஆனால் 'தொகுப்பு' என்று நீங்கள் போட்டது அந்த அடியிலிருந்து மட்டும் வந்ததில்லை. பெயர்ச்சொல்லாக ஒரு கூட்டம், ஒரு தொகுதி என்று வரும் 'செட்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, பின்தொடர்ந்து வருகிறவர்கள் என்பது மாதிரியான பொருள் கொண்ட சொல்லின் வழி. ஒலி ஒன்றாகிப் போனதால் பழைய ஆங்கில வினைச்சொல்லோடு கலந்துவிட்டது. ஆக, உங்கள் பெட்டியில் காற்புள்ளி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற 'தொகுப்பு', 'அமை' இரண்டும் வேறு வேறு வேர். ஒரு வரி சேர்த்து இதைச் சொல்லியிருந்தால்கூட அந்தப் பையன் சூரியனைத் தொகுக்கப் போயிருக்க மாட்டான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு சொல் பல பொருளில் வருவதைப் புரிந்துகொள்கிற திறமை நம் பிள்ளைகளுக்கு இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டுத்தான் இப்படிச் சுருக்கிக் கொடுக்கிறோம். அது தப்பு. அவர்களுக்கு அது கைவந்த விஷயம். 'வை' என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலை வை, குழம்பு வை, தீ வை, பொட்டு வை, பெயர் வை, கடை வை, பரீட்சை வை, பந்தயம் வை, மீசை வை, ஆள் வை, ஆசை வை, அவன் மேலே கையை வச்சுப் பாரு என்று சண்டைக்குப் போகிற வை. இத்தனையும் ஒரே நாளில் ஒரே பிள்ளையின் காதில் விழுகிறது. அம்மா 'குழம்பு வச்சுட்டேன்' என்றால் எங்கே வைத்தாய், அலமாரியிலா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. 'பிள்ளைக்குப் பேரு வச்சாச்சா' என்றால் தேடிப் பார்ப்பதில்லை. அப்புறம் இந்த 'வை' இன்னொரு வினையோடு ஒட்டிக்கொண்டு சிரிக்க வை, ஒத்தி வை, தள்ளி வை, எழுதி வை என்று வேறு ஒரு ஓட்டம் ஓடும், அதையும் யாரும் சொல்லித்தராமலே பிள்ளைக்குத் தெரியும். 'செட்' என்ற சொல்லுக்குத் தமிழில் மிக நெருங்கிய உறவு இந்த 'வை'தான் என்பது என் எண்ணம். 'செட் எ டிராப்' பொறி வை, 'செட் ஃபயர்' தீ வை, 'செட் தி அலாரம்' அலாரம் வை. 'கல் வச்ச மூக்குத்தி' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னாலும் அங்கே 'செட்'தான் வரும். முதல் பாடத்தில் 'வை'யைச் சொல்லிவிட்டு அங்கிருந்து ஆரம்பித்தால் பிள்ளை பயப்படுவதே இல்லை. ஏனென்றால் தன் மொழியில் தான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைத்தான் அடுத்த மொழிக்காரனும் செய்கிறான் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, 'செட்' என்ற சொல்லே நம் ஊரில் எப்போதோ குடிவந்துவிட்டது. திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறோம், தோட்டத்தில் பம்பு செட் ஓடுகிறது, கடையில் செட் தோசை, ஜவுளிக்கடையில் வேட்டி செட், கல்யாணத்துக்குப் பேண்டு செட், மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் நெக்லஸ் செட். இவை எல்லாம் ஒரு குடும்பம். பம்பும் மோட்டாரும் சேர்ந்தால் பம்பு செட், தனித்தனியாக இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். சேர்ந்தே திரிகிற பையன்களை 'ஒரே செட்டு' என்கிறோம். அடுத்து, 'அந்த வேலை எனக்கு செட் ஆகல' என்கிறோம், பொருந்தவில்லை என்று பொருள், இது ஆங்கிலத்தில் அப்படியே கிடையாது, நாமாகக் கிளைக்க விட்டது. இந்த வித்தியாசத்தையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'திஸ் ஜாப் இஸ் நாட் செட் ஃபார் மீ' என்று எழுதிவிட்டு மார்க் போச்சே என்று நிற்கும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே 'கண மொழி'. அங்கே 'செட்' என்றால் கணம். அந்தக் கணம் தமிழில் நொடிப்பொழுதும் ஆகும், பூதகணம் என்கிறபோது கூட்டமும் ஆகும். கணக்குப் பரீட்சையில் இதைப் பார்த்துக் கண நேரம் என்று எழுதிய ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

கொத்தனார்கள் சொல்கிற 'செட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மொழி மட்டும் இல்லை, அறிவியலும் இருக்கிறது. எங்கள் தெருவில் தளம் போட்டால் கொத்தனார், 'செட் ஆகட்டும், யாரும் மேலே ஏறாதீங்க' என்பார். அதே ஆள்தான் மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார். பிள்ளைகளிடம் 'சிமெண்ட் செட்ஸ்' என்றால் என்ன என்று கேட்டால், 'சிமெண்ட் காய்கிறது' என்றுதான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். காய்வதாக இருந்தால் அதன் மேல் எதற்குத் தண்ணீரைத் தேக்க வேண்டும்? சிமெண்ட் தண்ணீரோடு வினை புரிந்துதான் இறுகுகிறது, தண்ணீர் போய்விடுவதால் இல்லை. சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று இந்தியத் தர அளவு இருக்கிறது. கலவையைச் சுமந்து போய்க் கொட்டிச் சமப்படுத்த நேரம் வேண்டும், அதற்காக அந்த முதல் அளவு. அதன் பிறகு நாள் கணக்கில் வலுப்பெறுவதற்கு ஆங்கிலத்திலேயே வேறு சொல். ஆக இங்கே 'செட்' என்றால் இறுகு. 'காய்' என்று எழுதினால் மொழியும் தப்பு, வேதியியலும் தப்பு. கொத்தனாருக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறோம், அவர் அந்தச் சொல்லை நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்கிறார். ஏனென்றால் அவர் அதை வேலை நடக்கிற இடத்தில் கற்றுக்கொண்டார்.

மாணவர் பக்கத்தோடு இந்தச் சமக்குறி வியாதி நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து நம் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நீதிமன்றச் செய்தி என்பது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. கண்மாய் ஆக்கிரமிப்பு, கோயில் திருவிழா உரிமை, ஜல்லிக்கட்டு, வேலை நியமனம் எல்லாம் அங்கேதான் போகிறது. நீதிமன்றம் ஓர் உத்தரவை 'செட் அசைட்' செய்தது என்றால் ரத்து செய்தது என்று பொருள், அந்த உத்தரவு இனிச் செல்லாது. இதைச் சில இடங்களில், உங்கள் பத்திரிகையிலும் ஒருமுறை, 'உத்தரவை ஒதுக்கி வைத்தது' என்று படித்தேன். ஒதுக்கி வைத்தது என்றால் நம் ஊர்க்காரர் என்ன நினைப்பார்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். பக்கத்திலேயே இன்னொரு செய்தியில் 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று இருக்கும், அது வேறு. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது. செல்லாது என்று ஆகிவிட்ட உத்தரவை இன்னும் நிலுவையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வக்கீல் ஆபீசுக்கு அலையாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? இதே 'செட் அசைட்' பட்ஜெட் செய்தியில் வந்தால் ஒதுக்குவதுதான் சரி, ஒரு திட்டத்துக்கு இவ்வளவு கோடி ஒதுக்கினார்கள். கருத்து வேறுபாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள் என்பதும் சரி. உத்தரவு என்று வந்தால் மட்டும் ரத்து. பக்கத்தில் நிற்பது பணமா, கோபமா, உத்தரவா என்று பார்க்காமல் இதை மொழிபெயர்க்கவே முடியாது. பெட்டியில் கற்ற பிள்ளைதான் நாளைக்கு உங்கள் செய்திப் பிரிவில் வந்து உட்காரப் போகிறது.

பின்னால் ஒட்டிவரும் சின்னச் சொற்களால் இது எப்படி மாறுகிறது என்று எழுதினால் கடிதம் நிற்காது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'செட் ஆஃப்' என்றால் பயணம் கிளம்பு. அதுவே வெடியோடு வந்தால் வெடிக்கச் செய். வரிக் கணக்கில் வந்தால் லாபத்தில் நஷ்டத்தைக் கழித்துக்கொள். 'செட் இன்' மழையோடு வந்தால் தொடங்கியது, அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழை பற்றி எல்லா ஆங்கிலப் பேப்பரிலும் இதைப் பார்க்கலாம்.

இணைச்சொற்களுக்கு வருகிறேன். ஃபிக்ஸ், புட், பிளேஸ், லே, அரேஞ்ச் என்று வரிசையாகப் போட்டீர்கள். இதில் எதையும் எதற்குப் பதிலாகவும் போடலாம் என்றுதானே பிள்ளை நினைக்கும்? நாள் குறிக்க 'ஃபிக்ஸ்' போடலாம். சாப்பாட்டு மேசை தயார் செய்ய 'லே' போடலாம். சூரியனுக்கு இந்த ஐந்தில் ஒன்றும் ஒத்துவராது. தீ வைப்பதற்கு 'அரேஞ்ச்' போட்டுப் பாருங்கள், அர்த்தமே கெட்டுவிடும். எந்த மொழியிலும் இரண்டு சொல் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பது அபூர்வம். நம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போய் மொட்டும் மலரும் ஒன்றுதானே என்று சொல்லிப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மொட்டாக இருக்கும்போதுதான் வெளியூருக்கு ஏற்றுமதியாகும், விரிந்துவிட்டால் விலையே வேறு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ என்று அடுக்கி வைத்த மொழிக்காரர்கள் நாம். ஆங்கில இணைச்சொல்லை மட்டும் ஏன் மொத்தமாக ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்?

ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் இணைச்சொல் களஞ்சியத்தை வெளியிட்டார். அதில் அகர வரிசை கிடையாது, கருத்து வாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார். அதைப் பெரிய புதுமை என்று படிக்கிறோம், படிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நம் திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதியாக, தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வாரியாகத்தான் சொற்களைப் பிரித்தது. அதன் பதினோராம் தொகுதியே ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்று ஒதுக்கப்பட்டது. சூடாமணி நிகண்டிலும் அதே ஏற்பாடு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி வேலைக்குத் தொடக்க காலத்தில் ஆசிரியராக இருந்த சாண்ட்லர், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். சொல்லுக்குப் பொருள் தேடுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் தொல்காப்பியம் இருக்கிறது. பல பொருள் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லதிகாரத்தில் ஒரு சூத்திரம் வருகிறது: 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே.' எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட வரும் வினையைப் பார், கூட வரும் இனத்தைப் பார், சொல்லப்படும் சூழலைப் பார் என்கிறது. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குகிறார்கள். 'மா பூத்தது' என்றால் வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது, மரம். 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருத மரம் காட்டிக்கொடுக்கிறது. போருக்குப் போகக் கவசம் போட்டுக்கொண்டு நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் மாங்காயையா கேட்கிறான், குதிரையைத்தான் கேட்கிறான். அதே சொல்லதிகாரத்தின் உரியியல் பகுதியிலும் 'முன்னும் பின்னும் வருபவை நாடி' என்று இதையே இன்னும் எளிமையாகச் சொல்லியிருக்கிறது. நான் டியூஷனில் செய்வது இவ்வளவுதான். சொல்லைத் தனியாக நோட்டில் எழுத விடுவதில்லை. யார் செய்வது, எதைச் செய்வது, எங்கே நடப்பது, மூன்றையும் கேட்டுவிட்டு அதற்கு அப்புறம்தான் பொருளை எழுதச் சொல்வது. சூரியன் என்றால் மறை, சிமெண்ட் என்றால் இறுகு, வினாத்தாள் என்றால் தயாரி, பாட்டு வரிகளுக்கு என்றால் மெட்டுப் போடு, சிறையிலிருந்து என்றால் விடுதலை செய், சாதனை என்றால் படை. அகராதியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அகராதியில் இருக்கிற பத்துப் பொருளில் நமக்கு வேண்டியது எது என்று பிடிக்கவே இந்த மூன்று கேள்வி தேவைப்படுகிறது.

பரீட்சைக்கு உதவாது என்று சில பெற்றோர் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள், இணைச்சொல் கேள்வியில் சொல்லை மொட்டையாகக் கேட்பதில்லை, ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதற்குள் அடிக்கோடிட்டுத்தான் கேட்கிறார்கள். அரசுத் தேர்வே வாக்கியம் கொடுக்கும்போது பத்திரிகை கொடுக்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பெட்டி அதே அளவில் இருக்கட்டும். சமக்குறியை எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு சொல் என்பதை மாதம் ஒரு சொல் என்று ஆக்கி, அந்த ஒரே சொல்லை நான்கு வாரமும் வேறு வேறு ஆட்களோடு வரும் வாக்கியத்தில் போடுங்கள், வாரத்துக்கு நாலைந்து வாக்கியம் போதும். பக்கத்தில் தமிழ் போடும்போது சொல்லுக்குத் தமிழ் போடாமல் வாக்கியத்துக்குத் தமிழ் போடுங்கள், அதுவும் நாம் பேசுகிற தமிழாக இருக்கட்டும், 'பொழுது சாய்ந்தது' என்று போட வெட்கப்பட வேண்டாம். இணைச்சொல் கொடுத்தால் அது எந்த வாக்கியத்தில் நிற்கும், எதில் நிற்காது என்று ஒரு வார்த்தை சேருங்கள். நீதிமன்றம், வங்கி, மருத்துவமனைச் செய்திகளை மொழிபெயர்க்கிறவர்கள் மேசையில் இப்படி இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொற்களை எழுதிய ஒரு தாளை ஒட்டி வைத்தால் அது வாசகருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. மாணவர் பக்கத்துக்கு வாக்கியங்கள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம்.

அடுத்த வாரச் சொல் 'ரன்' என்று பெட்டிக்குக் கீழே அறிவித்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் எழுதினேன். தயவுசெய்து 'ஓடு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, சளி பிடித்து மூக்கு ஒழுகுகிறது, மேலூருக்கும் மதுரைக்கும் நடுவே பஸ் போய்வருகிறது, அக்கா தையல் கடை நடத்துகிறார், வார்டு கவுன்சிலருக்கு ஒருவர் போட்டியிடுகிறார், சுங்குடிச் சேலையை முதல் முறை நனைத்தால் சாயம் போகிறது. இந்த ஆறு இடத்திலும் ஆங்கிலத்தில் 'ரன்' வரும், தமிழில் ஓர் இடத்தில்கூட 'ஓடு' என்று நான் எழுதவில்லை. இந்த ஆறு வாக்கியத்தையும் அப்படியே எடுத்து அடுத்த புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.